பாப்பா என்றால் அப்பா

மாதக் கடைசி வந்தால் என் வலது மணிக்கட்டு இன்றைக்கும் வலிக்கிறது. இத்தனைக்கும் கிளினிக்கில் இப்போது ஸ்டேட்மெண்ட் எழுதும் வேலையே கிடையாது. முதல் தேதி காலையில் கணினி தானே கணக்கெடுத்து, தானே தாள் தயாரித்து, தானே அவரவர் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறது. அந்த நேரத்தில் நான் பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் பசியாறிக்கொண்டிருப்பேன். வேலை போய்விட்டது என்று மணிக்கட்டுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் வேலை பார்க்கும் கிளினிக் ஈப்போவில், குனோங் ராபாட் கடைவரிசையில் இருக்கிறது. பின்பக்கக் கதவைத் திறந்தால் சுண்ணாம்புக்கல் மலை முகத்துக்கு நேராக நிற்கும். ஒரு பக்கம் மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, இன்னொரு பக்கம் மோட்டார் சைக்கிள் பட்டறை. டாக்டர் கிறிஸ்தவர். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தவர். அதாவது டாக்டர் வராத நாளெல்லாம் தோட்டத்துக்கு அவர்தான் டாக்டர். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்த புதிதில் இந்தக் கவுண்டரில் உட்கார்ந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் அறையில் ஏசு படம், என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பிள்ளையார் படம். இத்தனை வருடத்தில் அவர்கள் இருவருக்கும் சண்டை வந்ததில்லை. எனக்கும் டாக்டருக்கும்தான் வரும்.

ஸ்டேட்மெண்ட் என்பது பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, ஆறாத புண் என்று மாதாமாதம் வருகிறவர்களுக்கு, அந்த மாதம் எந்தெந்தத் தேதியில் வந்தார்கள், என்ன மருந்து வாங்கினார்கள், எவ்வளவு கட்டினார்கள் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுப்பது. பிள்ளைகள் அதைக் கொண்டுபோய்த் தங்கள் கம்பெனியில் காட்டிச் செலவைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மாதக் கடைசியில் மத்தியானம் ஒரு மணிக்கு முன்கதவை இழுத்து மூடிவிட்டு, நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் அவர்களுடைய சிகிச்சைக் கார்டுகளைப் பரப்புவேன். காற்றாடியை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒருவருடைய புண் இன்னொருவருடைய கொதிப்போடு போய்ச் சேர்ந்துவிடும். வியர்வை தாளில் சொட்டாமல் இருக்கத் தோளில் ஒரு துண்டு. மாமாக் கடையிலிருந்து தே ஓ ஐஸ், பால் போடாத ஐஸ் தேநீர், பிளாஸ்டிக் பையில் வந்து மேசைக் காலில் தொங்கும். டாக்டர் உள்ளே நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடுவார். மலைப்பக்கம் இருந்து கல்லுடைக்கிற சத்தம் எப்போதாவது வரும். நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

அந்த மத்தியானங்கள் எனக்குப் பிடித்திருந்தன. சத்தியமாகப் பிடித்திருந்தன. கையொடிய எழுதினேன் என்று மற்றவர்களிடம் அலுத்துக்கொள்வேனே தவிர, அந்த நேரத்தில் யாராவது வந்து ‘நான் எழுதட்டுமா’ என்று கேட்டால் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். ஒவ்வொரு கார்டையும் எடுக்கும்போது அந்த ஆள் வந்து முன்னால் உட்கார்ந்ததுபோல் இருக்கும். இவருக்கு மாத்திரை தொண்டையில் இறங்காது, அவருக்கு ஊசி என்றால் பயம், இந்த அம்மா மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டாக்டரே எழுந்து நின்றுவிடுவார். எல்லாம் ஞாபகம் வரும். தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொள்வேன்.

எழுதுவதில் எனக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. படிவத்தில் பெயர் எழுதும் இடத்தில் அடையாளக் கார்டில் இருக்கிறபடி ரூமியில், அதுதான் மலாய் எழுதும் ஆங்கில எழுத்தில், எழுதுவேன். அதற்கு மேலே, தாளின் தலையில், ‘இன்னார் மகள் இன்னார்’ என்று தமிழிலும் எழுதுவேன். எங்கள் பழைய தோட்டத்து அக்காமார்களுக்கு ரூமி ஓடாது. தோட்டத் தமிழ்ப் பள்ளியில் இரண்டு வகுப்போ மூன்று வகுப்போ படித்துவிட்டுப் பால் வெட்டப் போனவர்கள். அதோடு ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். அப்பா பெயரைத் தமிழில் பெரிதாக எழுதிவிட்டால் தாளைப் போடும் உறை மாறாது, ஆளும் மாற மாட்டார்.

நமக்குத்தான் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதே. அடையாளக் கார்டில் முதலில் நம் பெயர், பிறகு மகன் அல்லது மகள் என்பதற்கு மலாயில் இரண்டு எழுத்து, பிறகு அப்பா பெயர். அப்பாவைப் பின்னால் நிற்க வைத்துக்கொண்டுதான் நாம் எங்கேயும் போவோம்.

அந்த வழக்கத்தில்தான் ஒரு அக்கா வந்து சேர்ந்தாள். சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்த அதே தோட்டம். நான் சீருடை போட்டுப் பள்ளிக்கூடம் போகிற வயதில் அவள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போய்விட்டுத் திரும்பி வருவாள். தோட்டம் விற்கப்பட்டு எல்லாரையும் காலி பண்ணச் சொன்னபோது, அவளுடைய அப்பா தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைப் பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார். ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வர நாளாகிவிட்டது. அதுவரை சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கடைக்கு மேல் வாடகை அறை. அங்கேயே அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அவளும் மகனும் குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீடு வாங்கி வந்தார்கள். காலில் புண், இனிப்பு நீர். எங்கள் கிளினிக்குக்கு வந்தாள்.

முதல் நாள் அடையாளக் கார்டைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பெஞ்சில் அவளைத் தவிர வேறு யாருமே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. காது கேட்கவில்லையா என்று கேட்டே விட்டேன்.

அவள் நிதானமாக எழுந்து வந்தாள்.

“கேக்குது தங்கச்சி. எம் பேரு சரி. பின்னால ஒரு பேரு சொன்னியே, அது எங்கப்பா இல்ல.”

நான் கார்டைப் பார்த்தேன். அந்தப் பெயர் எனக்கும் தெரிந்த பெயர்தான். லயத்தில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வாசலில் இருந்தவர். சைக்கிள் வைத்திருந்தவர், தோட்டமே அண்ணன் என்று கூப்பிட்ட ஆள்.

புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுப் போட்டு முடிகிற வரை அந்தக் கதையைச் சொன்னாள். அவள் பிறந்த நேரம் அவளுடைய அப்பா காட்டுக் காய்ச்சலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போதெல்லாம் பிள்ளை பிறந்தால் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பதிய வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணனிடம்தான் சைக்கிள். அவர் போனார். அவருக்கு மலாய் என்றால் கடையில் உப்பு, புளி கேட்கிற அளவுக்குத்தான். போலீஸ்காரர் பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்து, “நாமா பாப்பா?” என்று கேட்டார். மலாயில் நாமா என்றால் பெயர், பாப்பா என்றால் அப்பா. நம் ஆளுக்குப் பாப்பா என்றால் பாப்பாதானே. இப்போதுதானே சொன்னேன் என்று நினைத்து மறுபடி பிள்ளையின் பெயரையே சொன்னார். போலீஸ்காரர் திரும்பவும் “நாமா பாப்பா?” என்றார். இவர் திரும்பவும் பிள்ளை பெயர். மூன்றாவது தடவை போலீஸ்காரருக்குப் பொறுமை போய், விரலை இவர் நெஞ்சுக்கு நேராக நீட்டி, உன் பெயர் என்ன என்று கேட்டார். அது இவருக்குப் புரிந்தது. சொன்னார். அவர் எழுதிக்கொண்டார். வேலை முடிந்தது என்று இவர் சைக்கிளை மிதித்துத் திரும்பி வந்துவிட்டார்.

கேட்டதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உள்ளே டாக்டரும் சிரித்தார். அக்காவும் கூடச் சிரித்தாள். அவளுடைய அப்பாவே ரொம்ப நாள் இதை வைத்துச் சிரித்திருக்கிறார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாகக் கள்ளு குடிக்கப் போகும்போது, உன் மகள் அழுகிறாள் போய்த் தூக்கு என்று அந்த அண்ணனைக் கிண்டல் பண்ணுவாராம்.

பிறகு அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அந்தப் பெயர்தான் வந்தது. கல்யாணம் பதிந்தபோதும் அந்தப் பெயர். தோட்டத்தில் நாக்கு நீண்டவர்களுக்குப் பஞ்சமா? சிரித்துப் பேசினவர்களில் சிலர் கொஞ்ச நாளில் வேறு மாதிரி பேசினார்கள். சைக்கிள்காரர் எதற்கு அவ்வளவு அக்கறையாகப் போய்ப் பதிந்தாராம் என்றார்கள்.

“எங்கம்மாவ ஒரு பேச்சு பேசுனாங்க தங்கச்சி. எங்கப்பா காதுல போட்டுக்கல. எங்கம்மா சாவுற வரைக்கும் போட்டுக்கிட்டாங்க.”

பெயரை மாற்றப் பதிவு ஆபீசுக்கும் போயிருக்கிறாள். அங்கே இருந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினாராம். அந்தக் காலத்து அத்தாட்சி ஏதாவது கொண்டு வரச் சொன்னார். அப்பாவுக்குக் கைநாட்டு. தோட்டத்து ஆபீசில் இருந்த பழைய தாள்கள் தோட்டத்தோடு போய்விட்டன. சைக்கிள் அண்ணனும் செத்துப்போனார். எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது? விட்டுவிட்டாள்.

அந்த மாதக் கடைசியில் அவள் ஸ்டேட்மெண்டை எழுதும்போது, என் வழக்கப்படி தாளின் தலையில் தமிழில் எழுதினேன். அவளுடைய உண்மையான அப்பாவின் பெயரை எழுதி, ‘மகள்’ என்று போட்டு, அவள் பெயரை எழுதினேன். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. எனக்கு அவளை அப்படித்தான் தெரியும். அவர் லயத்து வாசலில் குந்தி உட்கார்ந்து பால்கத்தி தீட்டுவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான்.

அவள் தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். தாளை மடிக்காமல் அப்படியே கையில் தட்டு பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு போனாள். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சமைத்தது ருசியாக இருந்தது என்று என் வீட்டுக்காரரே சொன்னார்.

அவளுடைய மகனுக்கு ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை. கம்பெனியில் கொடுப்பதற்கு அவன் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும், அசல் அம்மாவிடம் திரும்பி வந்துவிட வேண்டும் என்று கட்டளை. பிறகு கம்பெனியில் தாயார் செலவுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஸ்டேட்மெண்ட் அவளுக்குத் தேவையே இல்லை. ஆனாலும் மாதம் பிறந்தால் கவுண்டரில் வந்து நிற்பாள். எழுதிட்டியா தங்கச்சி என்பாள். எழுதாமல் இருப்பேனா? உலகத்தில் அவள் பெயரும் அவள் அப்பா பெயரும் சேர்ந்து இருக்கிற தாள் அது ஒன்றுதான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இப்படியே எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. போன வருடம் ஒரு நாள் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, ஸ்டேட்மெண்டை எல்லாம் கணினிக்கு மாற்றப் போவதாகச் சொன்னார். பிள்ளைகள் எல்லாம் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், கைப்பேசியில் அனுப்பச் சொல்கிறார்கள், கையால் எழுதிய தாளைக் கம்பெனிகள் வாங்குவதில்லை என்றெல்லாம் காரணம் சொன்னார். எல்லாம் நியாயம்தான். கடைசியில், “நீயும் நானும் கிழடாயிட்டோம்மா” என்றார். அவருக்கு வேண்டுமானால் வயதாகியிருக்கும். நான் ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தே ஓ கூடக் கேட்டால்தான் வாங்கிக் கொடுத்தேன்.

கணினியைப் பொருத்த வந்தது ஒரு சீனப் பெண். நல்ல பெண். என்னை ஆண்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டு, என்னோடு மலாயில் பேசிக்கொண்டு, நான் கொண்டுவந்த தோசையைச் சாம்பாரில் முக்கி எடுத்துச் சாப்பிட்டாள். கார்டில் இருந்ததை எல்லாம் கணினியில் ஏற்ற இரண்டு பேரும் கண் எரிய உட்கார்ந்தோம். பெயரை மட்டும் நாம் தட்ட வேண்டாம். அடையாளக் கார்டை ஒரு சின்னப் பெட்டியில் செருகினால் அதுவே படித்துக்கொள்ளும். படித்த பிறகு யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். எழுத்துப்பிழையே வராது என்று அவள் பெருமையாகச் சொன்னாள். எனக்கும் நல்லதாகத்தான் பட்டது.

முதல் ஸ்டேட்மெண்ட் போன காலையில் தொலைபேசி ஓயவில்லை. அந்தக் கணினி எந்த நாட்டில் செய்ததோ, அந்த ஊர்ப் பழக்கப்படி பெயரில் கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அதற்குத்தான் வணக்கம் சொல்லும். நமக்குக் கடைசியில் நிற்பது அப்பா. ஆக, ஊரில் இருக்கிற அப்பாக்கள் எல்லாருக்கும், இருக்கிறவர் இல்லாதவர் என்ற பேதமில்லாமல், ‘அன்புள்ள’ என்று போட்டு மாதக் கணக்கை அனுப்பிவிட்டது. எங்க அப்பா செத்துப்போய் எத்தனையோ வருசமாச்சுலா, அவருக்கு எதுக்கு நெஞ்சுவலி மாத்திரை என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், அப்பா கல்லறையில் கொண்டுபோய் வைத்துவிடட்டுமா என்று கேட்டார். சீனப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும், கணினிக்குப் பின்னால், நமக்கு எங்கேயுமே கிடையாது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பட்டறைப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் ‘அன்புள்ள நோயாளிக்கு’ என்று மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். மகன் தன் கைப்பேசிக்கு வந்ததைத் தாளில் அடித்துக் கொடுத்திருக்கிறான். அதைக் கவுண்டரில் என் முன்னால் வைத்தாள். என் சிரிப்பு நின்றுவிட்டது. தாளின் தலையில் தமிழும் இல்லை, அவளுடைய அப்பாவும் இல்லை. ‘அன்புள்ள’ என்று போட்டு, சைக்கிள் அண்ணனுடைய பெயர்.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினாள்.

“மகன்தான் வாசிச்சுச் சொன்னான். முந்தி அவரு பேரு பின்னால இருந்துச்சு தங்கச்சி. இப்ப முன்னால வந்துருச்சு. எங்கப்பாவ எங்க?”

கணினி, புது முறை, நாளைக்குச் சரியாகிவிடும் என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லிவிட்டு, அந்தத் தாளை இழுத்து, பழையபடி தலைப்பில் பேனாவால் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவள் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை.

“முந்தி எல்லாமே உன் கையெழுத்து. அதனால எல்லாம் ஒண்ணா இருந்துச்சு. இப்பப் பாரு. அச்சுல அவரு, பேனாவுல எங்கப்பா. யாரு நம்புவா?”

தாளை அங்கேயே வைத்துவிட்டு, காலை இழுத்து இழுத்துப் போனாள். கட்டு மாற்ற வேண்டிய நாள் அது. அதையும் மறந்துவிட்டாள். நான் கூப்பிடவும் மறந்துவிட்டேன். அவள் போனபிறகு எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. போலீஸ்காரர் கேட்டது சரியான கேள்வி. சைக்கிள் அண்ணன் செய்தது உதவி. கணினி எழுதியது கார்டில் இருப்பது. ஆளுக்கு ஆள் சரியாகச் செய்து, அவள் மட்டும் அப்பா இல்லாமல் நிற்கிறாள்.

அடுத்த மாதக் கடைசிக்குள் ஏதாவது பண்ணியாக வேண்டும் என்று சீனப் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். பெயரை மாற்ற முடியுமா என்றேன். முடியாது, பூட்டியாகிவிட்டது, பூட்டாவிட்டாலும் கார்டில் இருப்பதைத்தான் எழுத வேண்டும் என்றாள். அதுவும் நியாயம்தான். கண்ட பெயரை எழுதினால் மருந்து ஆள் மாறிப் போய்விடும். தாளின் தலையில் தமிழில் ஒரு வரி போட முடியுமா என்றேன். அவளும் மெனக்கெட்டு முயன்றாள். அச்சடித்துப் பார்த்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் காலிக் கட்டங்கள் வரிசையாக வந்தன. கணினிக்குத் தமிழ் தெரியாது, அதற்கு வேறு ஏதோ வாங்க வேண்டும், டாக்டரைக் கேட்க வேண்டும் என்றாள். குறிப்பு எழுதுகிற இடத்தில் போட்டால் அது கிளினிக்குக்குள்ளேயே நின்றுவிடும், தாளில் வராது. நான் தோசையைக் கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவள் என்னைச் சமாதானப்படுத்துவதற்காக, மற்ற எல்லாவற்றையும் நீங்கள் மாற்றலாம் ஆண்ட்டி என்று திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். தொலைபேசி எண்ணை மாற்றலாம். மின்னஞ்சலை மாற்றலாம். முகவரியையும் மாற்றலாம், அதைக் கணினி கார்டில் இருந்து எடுப்பதில்லை, ஏனென்றால் மனிதர்கள் வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள். நோயாளி சொல்கிறதைத்தான் எழுத வேண்டும். முதல் வரியில் வீட்டுக்குப் பெயர் இருந்தால் வீட்டின் பெயர், அடுத்த வரியில் எண்.

வீட்டின் பெயர் என்று அவள் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

குனோங் ராபாட் வரிசை வீடுகளுக்கு யார் பெயர் வைக்கிறார்கள்? எண் மட்டும்தான் இருக்கும். ஆனால் வைக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே. அக்காவின் பதிவைத் திறந்து, முகவரியின் முதல் வரியில் அவளுடைய அப்பா பெயரைத் தட்டி, பக்கத்தில் ‘இல்லம்’ என்று ரூமியில் தட்டினேன். பிறகு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்குப் பக்கத்தில் குனிந்து வாசித்தார். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும், முதல் நாள் கதையைக் கேட்டவர்தானே.

“முகவரி நோயாளி சொல்றதும்மா. அவங்களக் கேட்டுக்க. அவங்க சரின்னா நமக்கென்ன” என்றார். பிறகு எனக்குத் தே ஓ வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அவரே போய் வாங்கிக்கொண்டு வந்தார். அவரைக் கிழடு என்று நினைத்ததை அன்றைக்கு வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அக்கா கட்டு மாற்ற வந்த அன்றைக்கு மாதம் இன்னும் முடியவில்லை. ஸ்டேட்மெண்டைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. புண்ணைக் கழுவிக் கட்டு முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தவளைக் கவுண்டருக்குக் கூப்பிட்டேன். ஒரு மாதிரித் தாளை அச்சடித்து வைத்திருந்தேன். அவள் முன்னால் திருப்பி வைத்தேன்.

ஒன்றை மாற்றியிருக்கிறேன், உனக்குப் பிடிக்காவிட்டால் இப்போதே எடுத்துவிடுகிறேன் அக்கா என்றேன். அவள் தாளைப் பார்த்தாள். எல்லாம் ரூமி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாசி என்றாள்.

அவளுடைய பெயரை வாசித்தேன். அதற்குப் பின்னால் இருக்கிற அண்ணனையும் விடாமல் வாசித்தேன், அவர் என்ன பாவம் செய்தார். பிறகு முகவரிக்கு வந்தேன். அவளுடைய அப்பா பெயரைச் சொல்லி, இல்லம் என்றேன். வீட்டு எண்ணைச் சொன்னேன். லோரோங்கின், அதாவது சந்தின், பெயரைச் சொன்னேன். குனோங் ராபாட், ஈப்போ, பேராக் என்று முடித்தேன்.

“திரும்ப வாசி.”

திரும்ப வாசித்தேன்.

“எங்கப்பா பேரு எது?”

காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்தாள். பால்மரக் கோடு போட்டுப் போட்டுப் பக்கவாட்டில் வளைந்துபோன ஆள்காட்டி விரல். அந்த வரியின் தொடக்கத்தில் இருந்து முடிவு வரைக்கும் மெதுவாக இழுத்தாள்.

“இது அச்சுதானே?”

அச்சுதான் அக்கா, கணினியே எழுதுகிறது, ஒவ்வொரு மாதமும் எழுதும் என்றேன்.

அவள் விரலை எடுக்கவில்லை. வெளியே மகன் மோட்டார் சைக்கிளில் காத்துக்கொண்டிருந்தான், ஹாரன் அடித்தான். அதுவும் அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

“லயத்து வீட்டப் பூட்டி ஆபீசுல சாவியக் குடுத்துட்டு வந்த மனுசன் தங்கச்சி. கடைசி வரைக்கும் யாரு வீட்டுலயோதான் இருந்தாரு.”

நான் தலையை ஆட்டினேன்.

“அப்படின்னா நான் இப்ப எங்கப்பா வீட்டுல இருக்கேன்லா” என்றாள்.

எழுபது வயதைத் தாண்டியவள். அப்பா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புகிற புதுப்பெண் மாதிரி முகம் அப்படியே மாறிப்போனது. தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மடிக்கவில்லை. வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி, “வாரேன் தங்கச்சி” என்றாள். நான் கவுண்டருக்கு அடியில் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது அவள் ஸ்டேட்மெண்டுக்காக வந்து நிற்பதில்லை. முதல் தேதி காலையில் மகனுடைய கைப்பேசிக்கு அது போய்விடுகிறது. முதல் வேலையாக முகவரியை வாசித்துக் காட்டச் சொல்கிறாளாம், பிறகுதான் அவனை வேலைக்கு விடுகிறாளாம். நான் அந்த நேரம் மாமாக் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டு, மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, இந்நேரம் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நான் அந்தப் பெயரை எழுதியதைவிடக் கணினி ஒழுங்காக எழுதுகிறது. நான் கவுண்டரை விட்டு எழுந்து போன பிறகும் எழுதும்.